நம்ம ஊர் டிராமுக்கும் பஸ்ஸுக்கும் ஒரு மியூசியம் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாசம் கல்கத்தா போனப்ப எஸ்பிளனேடு டிராம் டிப்போல இருக்குற ஸ்மரணிகா மியூசியத்தைப் பாத்தேன். தனியா பில்டிங் எதுவும் கட்டல, 1938ல செஞ்ச பழைய டிராம் வண்டிதான் மியூசியமே, முன்பெட்டில டீக்கடை, பின்பெட்டில கண்டக்டர் தொப்பி, பேட்ஜ், பழைய டிக்கெட், பாஸ், சில்லறை மாத்துற மெஷின்னு கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்க. வியாழக்கிழமை லீவு, போறவங்க பாத்துப் போங்க.

எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, கல்கத்தால கரன்ட் டிராம் வந்தது 1902ல, நம்ம மெட்ராஸ்ல 1895லயே ஓடிச்சு, இந்தியாவுலயே முதல்ல. ஆரம்பத்துல தரைக்கு அடியில கரன்ட் லைன் போட்டு ஓட்டிருக்காங்க, நம்ம ஊர் மழையைப் பத்திதான் தெரியுமே, தண்ணி நின்னு தகராறு ஆகி அப்புறம் மேல கம்பி இழுத்தாங்க. 1953ல கம்பெனி நொடிச்சு எல்லாம் நின்னுபோச்சு. இத்தனையும் எங்க அயனாவரத்துப் பசங்களுக்குச் சொன்னா, மெட்ராஸ்ல டிராமா, சும்மா கதை விடாதீங்க அங்கிள்ங்குறானுங்க. அவனுங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்ட நம்மகிட்ட என்ன இருக்கு?

ரயில் பெட்டி செய்யுற ஐசிஎஃப் ஃபேக்டரி பக்கத்துல ரயில் மியூசியம் இருக்கு, நல்லாத்தான் இருக்கு, ஆனா அது ரயிலுக்கு. தினம் நம்மளை வேலைக்கும் ஸ்கூலுக்கும் கொண்டுபோன பஸ்ஸுக்கு ஒண்ணுமில்ல. 1972ல வந்த பல்லவன்ங்குற கவர்மென்ட் பஸ், தாம்பரம் போற 18ஏ மாடி பஸ், விரலிடுக்குல நோட்டை நீளமா மடிச்சுச் சொருகிக்கிட்டு, எச்சி தொட்டு டிக்கெட் கிழிச்சு, ரெண்டு விசில் குடுத்து ரைட் சொல்ற கண்டக்டர், அந்தத் தோல் பை, கலர் கலரா டிக்கெட் கட்டு, இதெல்லாம் இப்ப மெஷின் வந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போயிட்டு இருக்கு.

பெருசா கோடிக்கணக்குல செலவு பண்ணச் சொல்லல. ராயபுரம் ஸ்டேஷன் 1856ல திறந்தது, தென்னிந்தியாவோட முதல் ரயில் கிளம்புன இடம், அங்க ஒரு ஓரம் ஒதுக்கினாலும் போதும், இல்லாட்டி ஏதாவது ஒரு பஸ் டிப்போல ஒரு ஷெட். ரிட்டயர்டு கண்டக்டர், டிரைவர்ங்க வீட்டுப் பரண்ல கிடக்குறதைக் கேட்டா சந்தோஷமா குடுப்பாங்க. முதல் வேலையா, இனி ஓட லாயக்கில்லன்னு கழிச்சு ஏலம் விடுற பஸ்ல ரகத்துக்கு ஒண்ணையாவது தனியா நிறுத்தி வைக்கச் சொல்லி போக்குவரத்து அமைச்சர் கண்ணுல படுற மாதிரி உங்க பேப்பர்ல போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகன், அயனாவரம், சென்னை