சிலந்திக்கு மருந்தடிக்க முதல் இதை வாசி

மாங்குளம்,
மாசி மாதம்.

அன்பின் தவம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் நோவு குறைந்து, கோயிலுக்கு நடந்தே போய் வருகிறாய் என்று வாசித்ததும் மனம் ஆறியது. மகளும் பிள்ளைகளும் ரொறன்ரோவிலிருந்து வந்து நிற்கிறார்கள், வீடு நிறைந்திருக்கிறது. இனி நோவை நினைக்க உனக்கு எங்கே நேரம்? இங்கே காலபோக வெட்டு முடிந்துவிட்டது. வெட்டுமெசின் எங்கள் பக்கம் வரப் பிந்தினாலும் நெல் நனையாமல் வீடு வந்து சேர்ந்தது.

வேலியில் இருக்கிற சிலந்திக்கு மருமகனைப் பூச்சிமருந்து அடிக்க விடாதே என்று போனில் அவசரமாகச் சொன்னேன். பிள்ளைகளின் சத்தத்தில் உனக்குச் சரியாகக் கேட்டிருக்காது. அதனால்தான் ஆறுதலாக எழுதுகிறேன். மகளுக்கும் வாசித்துக் காட்டு.

செவ்வரத்தைக்கும் முருங்கைக்கும் நடுவில் வட்டமாக வலை, அதில் தலைகீழாக ஒரு பெரிய சிலந்தி, வெள்ளி மினுக்கமும் மஞ்சள் வரியும் உள்ள முதுகு, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் அடையாளமாய் விரித்திருக்கிறது, வலையில் வெள்ளை நூலால் வளைந்து வளைந்து கோடு என்று எழுதியிருந்தாய். இவ்வளவு வடிவாகப் பார்த்து எழுதியிருக்கிறாய், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆர்ஜியோப் என்ற பேரினத்துத் தோட்டச் சிலந்தி அது. மாரி மழைக்குப் பிறகு வன்னியில் அது இல்லாத வேலி குறைவு. நீ கண்டது பெண். ஆண் மிகச் சின்னது, வலையின் ஓரத்தில் கண்ணில் படாமல் இருக்கும். அந்த வெள்ளைக் கோட்டை ஏன் போடுகிறது, பூச்சியை இழுக்கவா, பறவை வந்து வலையைக் கிழிக்காமல் எச்சரிக்கவா என்று ஆராய்ச்சிக்காரர் இன்னும் வாதாடுகிறார்கள்.

நஞ்சு இருக்கிறதா என்று கேட்டாய். இருக்கிறது. அநேகமாக எல்லாச் சிலந்திக்கும் நஞ்சு உண்டு. ஆனால் இது வெட்டுக்கிளியையும் இலையானையும் மடக்குகிற அளவு நஞ்சு. கையில் பிடித்து நசுக்கினால் கடிக்கும். கடித்தால் தேனீ கொட்டின மாதிரி எரியும், கொஞ்சம் சிவந்து வீங்கும், பிறகு தானாக ஆறிவிடும். தேடி வந்து கடிக்கிற பழக்கம் அதற்குக் கிடையாது. வலையைத் தொட்டால் உடம்பை ஆட்டி ஆட்டி வலையையே அதிர வைக்கும், உருவம் மங்கித் தெரியும். அதற்கும் பயம் தீராவிட்டால் நூலை விட்டு நிலத்தில் விழுந்து ஒளிந்துகொள்ளும். பேத்தியைப் பார்த்துப் பாய்ந்தது என்று நீ எழுதியது அந்த ஆட்டத்தைத்தான் என்று நினைக்கிறேன். உலகத்தில் பெயர் வைத்த சிலந்தி இனங்கள் 2022 இல் 50,000 ஐத் தாண்டிவிட்டன. மனிதருக்கு உண்மையாக ஆபத்தானவை அதில் மிகச் சொற்பம்.

உன் நாய் றெக்ஸ் அந்தச் சிலந்தி ஒன்றை வாயில் கவ்வி விழுங்கிவிட்டதே என்று நீ பதறியிருந்தாய். சிலந்தி நஞ்சு ஊசிபோல உடம்புக்குள் ஏறினால்தான் வேலை செய்யும். வயிற்றுக்குள் போனால் மற்ற இறைச்சியோடு சமித்துவிடும். வாயில் கடி பட்டிருந்தால் சொண்டு வீங்கும், வாணீர் வடியும், கொஞ்ச நேரத்தில் அடங்கும். முகம் முழுக்க வீங்கி மூச்சுக்குத் திணறினால் மட்டும் மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடு. இன்னொன்று, தவம், இதை மறக்காதே: நோவுக்கு என்று பனடோல் கொடுத்துவிடாதே, முக்கியமாகப் பூனைக்கு. பாதி வில்லையே பூனையைக் கொல்லப் போதும்.

மனிதருக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று என்று நஞ்சு ஆள் பார்த்து வேலை செய்வது எனக்கு எப்போதும் அதிசயம். அவுஸ்திரேலியாவில் சிட்னிப் பக்கம் ஒரு சிலந்தி இருக்கிறது, விஷமுறி வர முதல் மனிதரைக் கொன்றிருக்கிறது. நாயையும் பூனையையும் அது அவ்வளவாகப் பாதிப்பதில்லை. அதே நாட்டின் பெரிய மயிர்ச் சிலந்திகள் இதற்கு நேர்மாறு. மனிதருக்கு நோவோடு போய்விடுகிற கடி, நாயைச் சில மணி நேரத்துக்குள் சாகடித்திருக்கிறது. அதனால் றெக்ஸின் விசயத்தில் நான் பயப்படுவது செவ்வரத்தைச் சிலந்திக்கு அல்ல, எங்கள் காட்டு மயிர்ச் சிலந்திக்குத்தான்.

புலிமுகச் சிலந்தி என்று சொல்வார்களே, அதுதான். உள்ளங்கையைவிடப் பெரிசாய், உடம்பெல்லாம் மயிர், காலில் கறுப்பும் சாம்பலும் மஞ்சளும் கலந்த கோலம். இந்தப் பேரினம் உலகத்திலேயே இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இருக்கிறது. எங்கள் மாங்குளம் இதனால் உலகச் செய்தியில் வந்தது உனக்கு நினைவிருக்கும். 2009 இல் ஊரவர் ஒருவர் செத்த ஒன்றைக் கொண்டுவந்து காட்ட, சிலந்தி ஆராய்ச்சியாளர் ரனில் நாணயக்காரவும் அவரோடு சேர்ந்தவர்களும் தேடத் தொடங்கினார்கள். மரங்களில் தேடினார்கள், பழைய ஆஸ்பத்திரியின் வைத்தியர் விடுதியிலும் கண்டார்கள். கால் விரித்தால் 20 சென்ரிமீற்றர் வரும், புதிய இனம் என்று 2013 இல் வெளிநாட்டுப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. காடு தேடத் துணைபோன பொலிஸ் பரிசோதகரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். ஏன் கட்டடத்துக்குள் வந்தது? அது முதிர்ந்த மரப் பொந்தில் வாழ்கிற உயிர். பாலையையும் முதிரையையும் தறித்துக்கொண்டே போனால் இடிந்த வீட்டுச் சுவருக்குள்தான் வரும், வேறு எங்கே போகும்?

அது கடித்தால் சாவு வந்ததாகப் பதிவு இல்லை. ஆனாலும் லேசான கடி என்று நினைக்காதே. நோவோடு தசைப் பிடிப்பு வரும், சிலருக்கு நாள்கணக்கில் விட்டு விட்டு வந்திருக்கிறது. இதற்கென்று விஷமுறி ஊசி இல்லை, நோவுக்கும் பிடிப்புக்கும்தான் வைத்தியம். கடித்த இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் சரி. கீறுவது, கயிறு கட்டுவது ஒன்றும் வேண்டாம். உன் வளவில் பொந்து விழுந்த பழைய மரம், கிடுகு அடுக்கி வைத்த கொட்டில், ஆள் இல்லாத அறை இருந்தால் பிள்ளைகள் அங்கே கைவிடாமலும் நாய் மோந்து திரியாமலும் பார். உண்மையில் அந்த இடங்களில் சிலந்தியைவிட விரியனுக்கும் தேளுக்கும்தான் நான் கூடப் பயப்படுவேன்.

இனி, பக்கத்து வீட்டு அக்காவின் கழுத்தில் கொப்புளம் போட்டது, சிலந்தி மூத்திரம் பட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள் என்றாயே, அதற்கு வருகிறேன். நான் விவசாயப் போதனாசிரியையாக வேலை செய்த காலம் முழுக்க, வெட்டு நேரத்தில் இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். அது சிலந்தியின் வேலை அல்ல. எறும்புபோல நீண்டு, செம்மஞ்சளும் கறுப்புமாய் மாறி மாறி நிறமுள்ள ஒரு சின்ன வண்டு வயலில் இருக்கிறது. இரவில் விளக்குக்கு வரும். கழுத்திலோ முகத்திலோ ஏறினால் கை தானாகப் போய் நசுக்கிவிடும். அதன் உடம்புச் சாற்றில் பெடெரின் என்ற நஞ்சு இருக்கிறது. உடனே ஒன்றும் தெரியாது. அடுத்த நாள், அதற்கடுத்த நாள் தோல் சிவந்து, நீட்டாகக் கோடு இழுத்தமாதிரிக் கொப்புளம் கிளம்பும். விடியக் கண்ணாடியில் பார்க்கிறவருக்குக் கூரையில் இருக்கிற சிலந்திதான் கண்ணில் படுகிறது, பழியும் அதற்கே. வண்டு ஏறினால் நசுக்காமல் ஊதிவிட்டு, பட்ட இடத்தைச் சவர்க்காரத்தால் கழுவச் சொல். படுக்கைக்கு மேல் எரிகிற விளக்கையும் அணைக்கச் சொல். அக்கா அந்தக் கையால் கண்ணைத் தேய்க்காமல் இருப்பது முக்கியம்.

கறுத்த பொருக்குப் புண்ணோடு காய்ச்சலும் வந்தால், தெள்ளு, உண்ணி வகைச் சிற்றுயிர்கள் பரப்புகிற ரைபஸ் காய்ச்சலாக இருக்கலாம். நோவே இல்லாமல், மாதக்கணக்கில் ஆறாமல் நிற்கிற புண் மணல் ஈ கடியால் வருகிற லீஷ்மேனியாசிஸாக இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து இருக்கிறது. சிலந்திக்கடி என்று பச்சிலை அரைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்தால்தான் ஆபத்து. எடி, யாராவது அப்படி இருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வைத்தியருக்குக் காட்டு.

இப்போது மருந்து. மருமகன் கையில் எடுத்தது வயலுக்கு வாங்கி மிஞ்சின போத்தல் என்று நீ சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. அதை வீட்டு வளவில் அடித்தால் சிலந்தி சாகும், சரி. செவ்வரத்தை இலையைத் தொட்டு விளையாடுகிற பிள்ளையின் கையிலும் அது இருக்கும், றெக்ஸ் நக்குகிற புல்லிலும் இருக்கும், கிணற்றடிக்கும் போகும். கடையில் விற்கிற பூச்சி ஸ்பிறேயில் சில வகை பூனைக்கு ஆகவே ஆகாது. உன் பிள்ளைக்கும் நாய்க்கும் ஆபத்து எது என்று கேட்டால், வலையில் இருப்பதைச் சொல்லமாட்டேன், அந்தப் போத்தலைச் சொல்வேன்.

வயலிலும் இதே கதைதான். நெல்லடியில் ஓடித்திரிகிற ஓநாய்ச் சிலந்தி ஒரு நாளைக்கு 5 முதல் 15 பூச்சிவரை தின்னும், அதில் நெற்பயிரின் சாற்றை உறிஞ்சுகிற கபிலநிறத் தத்தியும் சேர்த்தி. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆராய்ந்து பார்த்தபோது, மருந்து அடித்த வயலில்தான் தத்தி பெருகியது, ஏனென்றால் சிலந்தி முதலில் செத்துவிட்டது. இந்தோனேசியா 1986 இல் நெல்லுக்கு அடிக்கிற 57 பூச்சிநாசினிகளை ஒரேயடியாகத் தடைசெய்தது. இதை எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பேன்! கேட்டுத் தலையாட்டிவிட்டு, ஒரு தத்தியைக் கண்டவுடன் மருந்துத் தாங்கியைத் தோளில் போடுகிறவர்களைப் பார்க்க இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

வாசலுக்குக் குறுக்கே வலை இருந்தால் தும்புத்தடியில் வலையோடு சுற்றி எடுத்து, வேலிப்பக்கம் விட்டுவிடு. அது திரும்பக் கட்டிக்கொள்ளும். விறாந்தைச் சுவரில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, வயிற்றுக்குக் கீழே வெள்ளைத் தட்டம் ஒன்றைக் காவித் திரிகிற பெரிய கபிலச் சிலந்தியைக் கண்டால் அதையும் அடிக்காதே. அந்தத் தட்டம் முட்டைப்பை. உன் குசினிக் கரப்பொத்தானைத் தின்ன ஆள் வேண்டாமா?

பேத்திக்கு ஒன்று செய்து காட்டு. இருண்ட பிறகு ரோச் லைற்றை நெற்றியோடு ஒட்டிப் பிடித்து முற்றத்துப் புல்லைப் பார்க்கச் சொல். பச்சையாகச் சின்னச் சின்னப் புள்ளி மினுங்கும். ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள் அவை. சப்பாத்துப் போட்டுக்கொண்டு, உன் கையைப் பிடித்தபடி போகட்டும், பாம்பு திரிகிற நேரம்.

வற்றாப்பளைப் பொங்கலுக்கு அவர்கள் நிற்பார்களா, அல்லது பள்ளிக்கூடம் என்று முன்னமே போய்விடுவார்களா? நின்றால் நான் நெடுங்கேணிக்கு வந்து, எல்லோரும் ஒன்றாகப் போகலாம். வரும்போது புதுநெல் அரிசி கொண்டுவருகிறேன். உன் வளவுக் கத்தரியில் விதைக்கு ஒரு காய் பழுக்க விட்டு வை.

அன்புடன்,
உன் சரசு