ஆண்டறிக்கை 2024: மவுண்டன் ஹவுஸ் நகரமான ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம். 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

பொங்கல், சித்திரைத் திருநாள், கோடைக்கால ஒன்றுகூடல், தீபாவளி எல்லாம் வழக்கம்போல நடந்தன. தமிழ் வகுப்புகள் தொய்வில்லாமல் நடக்கின்றன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஒரே விஷயத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன். நாம் குடியிருக்கும் மவுண்டன் ஹவுஸ் ஜூலை 1 முதல் ஒரு நகரம். கலிபோர்னியாவின் 483ஆவது நகரம், சான் வாக்கீன் கவுண்ட்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) எட்டாவது. அதற்கு முன்னால் நம் உறுப்பினர்களுக்குள் நடந்த விவாதம் சங்கத்தின் பதிவேட்டில் இருக்க வேண்டும். பின்னால் இங்கே குடிவருகிறவர்களுக்கு யார் என்ன கேட்டார்கள் என்று தெரிய வேண்டும்.

புதியவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. அல்டமான்ட் கணவாய்க்குக் கீழே வயலாகக் கிடந்த இந்த இடத்தில் ஊர் கட்டும் திட்டத்துக்குக் கவுண்ட்டி 1994இல் ஒப்புதல் தந்தது. 1996இல் சி.எஸ்.டி. எனப்படும் சமூக சேவை மாவட்டம் அமைந்தது. 2003இல் முதல் குடும்பங்கள் வந்தன. 2010 கணக்கெடுப்பில் 9,675 பேர். 2020இல் 24,499 பேர். தண்ணீர், சாக்கடை, பூங்கா, தெருவிளக்கு எல்லாவற்றையும் சி.எஸ்.டி. பார்த்துக்கொண்டது. ஆனால் எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஸ்டாக்டனில் இருக்கும் கவுண்ட்டி வாரியத்திடம்தான் இருந்தது. கவுண்ட்டியின் மக்கள்தொகை 7,79,233. அதில் நாம் ஏறக்குறைய முப்பத்திரண்டில் ஒரு பங்கு. அந்த வாரியத்தின் உறுப்பினர்களான ஐந்து சூப்பர்வைசர்களில் ஒருவரின் பெரிய தொகுதிக்குள் நாம் ஒரு மூலை.

நகரமாக வேண்டும் என்றவர்களின் முதல் வாதம் இதுதான். பக்கத்து நகரமான டிரேசியில் வரிசையாக எழுந்திருக்கும் கிடங்குகளைப் பார்த்தவர்கள், நம் பக்கத்து நிலத்தில் என்ன வரும் என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும் என்றார்கள். கடைகள் பெருகும்போது கவுண்ட்டிக்குப் போகும் விற்பனை வரிப் பங்கு ஊருக்கே வரும் என்றார்கள். ஒரு விஷயம் நடக்கவில்லை என்றால் யாரைப் போய்க் கேட்பது என்பதற்கு ஒரு மேயர், ஒரு கவுன்சில் என்று பதில் இருக்கும் என்றார்கள்.

எதிர்த்தவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று யாராவது நினைத்தால் அது தவறு. நகரமாகலாமா என்று கேட்ட மார்ச் வாக்கெடுப்புக்கு முன், வாரக் கடைசிகளில் ஓர் உறுப்பினர் வீட்டு கராஜில் நாம் கூடிப் பேசியபோது, மிகக் கூர்மையான கேள்விகள் அவர்களிடமிருந்துதான் வந்தன.

2008ஐ இங்கே வாழ்ந்து கடந்த ஒரு அக்கா பேசியதை அன்று வந்திருந்தவர்கள் மறந்திருக்க முடியாது. அந்த ஆண்டு இந்த ஊர் வீடுகளில் கிட்டத்தட்ட 90 சதவீதம், சந்தை விலையைவிடக் கடன் அதிகமான நிலையில் இருந்தன. நாட்டிலேயே மோசமான இடம் என்று செய்தித்தாளில் பெயர் வந்தது. பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியானதை அவர் கண்ணால் பார்த்தவர். “மறுபடியும் அப்படி விழுந்தா, சிட்டி எதை வெச்சு சம்பளம் கொடுக்கும்?” என்று கேட்டார். நம் கவுண்ட்டித் தலைநகரான ஸ்டாக்டனே 2012இல் திவால் மனு போட்டதையும், அன்றைக்கு அமெரிக்காவில் திவாலான நகரங்களில் அதுதான் பெரியது என்பதையும் நினைவூட்டினார்.

இன்னொருவர் ஜுரூபா வேலியின் கதையைச் சொன்னார். நமக்கு முன்னால் கலிபோர்னியாவில் கடைசியாக உருவான நகரம் அதுதான். 2011 ஜூலை 1இல் பிறந்தது. புது நகரங்கள் நம்பியிருந்த வாகன உரிமக் கட்டணப் பணத்தை அதே கோடையில் மாநில அரசு வேறு பக்கம் திருப்பிவிட்டது. நகரத்தையே கலைத்துவிடலாமா என்று அவர்கள் யோசிக்கும் நிலை வந்தது. 2017இல்தான் அந்தப் பணத்துக்கு வழி பிறந்தது. பதின்மூன்று வருடங்களாக மாநிலத்தில் வேறு எந்த ஊரும் துணியாததற்கு முக்கியக் காரணம் இதுதான். “அப்படியிருக்க நாம் மட்டும் எப்படித் தாக்குப்பிடிப்போம்?” என்ற அவர் கேள்விக்கு, புது நகரங்களுக்கான விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் லாஃப்கோ ஆணையத்தின் முன் வைக்கப்பட்ட நிதி ஆய்வைப் படித்தவர்கள் பதில் சொன்னார்கள். நம் ஊர் முதலிலிருந்தே இங்குள்ள வீடுகள் கூடுதலாகக் கட்டும் சிறப்பு வரிகளில் நிற்பது. சி.எஸ்.டி. கலைந்தாலும் அந்த வரிகள் நகரத்துக்கு வரும். காவலுக்குத் தனிப் படை வேண்டாம், கவுண்ட்டியின் காவல்துறையான ஷெரிப் அலுவலகத்தோடு ஒப்பந்தமே போதும். பதில் சரிதான். ஆனால் நகரம் பிரிவதால் கவுண்ட்டிக்கு நஷ்டம் வரக்கூடாது என்று மாநிலச் சட்டம் சொல்கிறது, ஆகவே வருமானம் முழுதும் நம் கைக்கு வந்துவிடாது என்று எதிர்த்தவர்கள் சொன்னதும் சரிதான்.

அப்புறம் சொத்து வரி. இதில்தான் அதிகக் குழப்பம் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த ஒரு உறுப்பினரின் அப்பா, “கிராம ஊராட்சி பேரூராட்சி ஆனாலே வரி ஏறும்பா” என்றார். அவர் அனுபவம் அப்படி. அங்கே கிராமசபையில் எதிர்ப்புத் தீர்மானம் போடலாமே தவிர, முடிவு அரசாணையாக வரும். வீட்டுக்கு வீடு வாக்குச்சீட்டு வராது. இங்கே 1978இல் வந்த 13ஆம் முன்மொழிவு என்ற மாநில வரிச் சட்டத்தின்படி அடிப்படைச் சொத்து வரி மதிப்பில் 1 சதவீதம்தான். கைமாறாத வீட்டின் மதிப்பை வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் கூட்ட முடியாது. ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்று நகரம் புதிதாக வரி போட வேண்டுமானால் வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதிக்க வேண்டும். இதை விளக்கியதும் ஐயா, “ஓட்டுப் போட்டு வரி கட்டுறீங்களா!” என்றார். நாம் ஏற்கெனவே கட்டும் சிறப்பு வரிகள் நகரமானதும் குறைந்துவிடும் என்று சிலர் நம்பியிருந்தார்கள். அது நடக்காது என்பதையும் அன்றே தெளிவாகச் சொன்னோம்.

தண்ணீரைப் பற்றியும் பேச்சு வந்தது. 2015 வறட்சியில் பைரன்-பெத்தனி பாசன மாவட்டம் ஆற்றில் தண்ணீர் எடுப்பதை நிறுத்தச் சொல்லி மாநில நீர் வாரியம் உத்தரவிட்டபோது, அதை மட்டுமே நம்பியிருந்த நம் ஊரின் சுமார் 15,000 பேர் குழாய் காய்ந்துவிடுமோ என்று கலங்கி நின்றார்கள். நகரமானால் அந்தத் தண்ணீர் உரிமை மாறிவிடாது. இதில் இரு தரப்பும் ஒத்துப்போனது எனக்கு நிறைவாக இருந்தது. பள்ளிகளும் அப்படியே. லாமர்ஸ்வில் பள்ளி மாவட்டம் தனி அமைப்பு, அதற்கும் இந்த வாக்கெடுப்புக்கும் தொடர்பில்லை.

தினமும் 580 நெடுஞ்சாலையில் மலை தாண்டி வேலைக்குப் போகும் நம்மில் பலர் கடந்து செல்லும் காஸ்ட்ரோ வேலி 2002இல் நகரமாக வேண்டாம் என்று வாக்களித்து இன்றும் கவுண்ட்டியின் கீழ் இருக்கிறது. எல் டொராடோ ஹில்ஸ் 2005இல் மறுத்தது, ஆர்டன்-ஆர்கேட் 2010இல் மறுத்தது. வேண்டாம் என்ற ஊர்களும் நன்றாகத்தான் வாழ்கின்றன என்று ஒரு தம்பி சொன்னதைக் கூட்டம் மரியாதையோடு கேட்டது.

எனக்கு மனதில் உறுத்திய விஷயம் வேறு. நம் உறுப்பினர்களில் பாதிக்கு மேல் எச்1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள். வீடு வாங்கி, எல்லா வரியும் கட்டி, இந்த ஊரிலேயே பிள்ளைகளை வளர்க்கிறவர்கள். ஆனால் வாக்கு இல்லை. பொது விசாரணைகளுக்குப் போகவே பலர் தயங்கினார்கள். பேசினால் விசாவுக்குப் பிரச்சினை வருமோ என்ற பயம். கலிபோர்னியாவின் பிரவுன் சட்டப்படி உள்ளாட்சிக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், பேசலாம். உள்ளே வருவதற்குப் பெயர் எழுதித் தரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக்கூட முடியாது. இதைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி எல்லா வீடுகளுக்கும் அனுப்பினோம். இந்த ஆண்டில் சங்கம் செய்த காரியங்களில் இதையே முதலாவதாக வைப்பேன்.

சங்கம் எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்று செயற்குழு முடிவெடுத்தது. தனிப்பட்ட முறையில் நான் ஆதரித்தேன். நம் நிலத்தைப் பற்றிய முடிவு நம் கைக்கெட்டும் தூரத்தில் நடக்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்த அக்காவின் கேள்விக்கு முழுப் பதில் இன்னும் கிடைக்கவில்லை என்பதும் என் எண்ணம்.

மார்ச் 5 அன்று, நகரமாகலாமா என்ற கேள்வியான மெஷர் டி மீது வாக்கெடுப்பு நடந்தது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆதரித்தார்கள். ஜூலைக்குப் பிறகு தெருவில் எதுவும் மாறவில்லையே என்று சிலர் கேட்கிறார்கள். ரோந்து வருவது அதே ஷெரிப் வண்டி, தண்ணீர் அதே குழாயில் வருகிறது. மாறியது முடிவெடுக்கும் இடம். எந்த மனுவையும் இனி ஸ்டாக்டனுக்கு முன்னால் நம் கவுன்சிலுக்குக் கொண்டுபோகலாம்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழுவின் பரிந்துரைகள் இரண்டு. நகரத்தின் நிதியாண்டு ஜூலையில் தொடங்குவதால், அதற்கு முன் நடக்கும் பட்ஜெட் கூட்டங்களுக்குச் சங்கத்திலிருந்து ஒரு குழு போக வேண்டும். இருப்பு நிதி எவ்வளவு, வீட்டு விலை சரிந்தால் திட்டம் என்ன என்ற கேள்விகளை அந்தக் குழு கேட்க வேண்டும். வேண்டாம் என்று வாதிட்டவர்களே அந்தக் குழுவை முன்னின்று நடத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறோம், அந்த அக்கா சம்மதித்திருக்கிறார். இரண்டாவது, இந்த ஆண்டு குடியுரிமை பெற்ற உறுப்பினர்களுக்கு வாக்காளர் பதிவில் உதவ ஒரு மேசை, அடுத்த ஒன்றுகூடலிலேயே.

கராஜைத் திறந்து வைத்து எல்லோருக்கும் காபி கொடுத்த குடும்பத்துக்கும், நிதி ஆய்வைப் படித்துத் தமிழில் சுருக்கித் தந்த இளைஞர்களுக்கும் நன்றி. இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்