பரண் பல்லி

திருச்சி
9.11.2025

அன்புள்ள ராஜு,

ஆடியில் நீ போட்ட கடிதத்துக்கு ஐப்பசிக் கடைசியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். பெரியவன் வேலை மாறிவிட்டான். சின்னவளுக்கு இன்னும் வரன் அமையவில்லை. என் முட்டி வலி என்னோடுதான் இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

புரட்டாசியிலிருந்து எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பல்லி கத்திக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு ஒரு தடவை, பிசகாமல். அக்கா பஞ்சாங்கத்தில் திசை பார்த்து, “வீட்டுக்கு நல்ல சேதி வரப்போகிறது” என்றாள். எந்தப் பல்லியும் கடிகாரம் வைத்துக்கொண்டு கத்தாது என்று, முப்பத்தைந்து வருடம் மின்சாரத்தோடு குப்பை கொட்டிய எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நானும் வரன் விஷயமாக ஏதோ தகவல் வரும் என்று காத்திருந்தேன்.

வந்தது சைரன்! போன செவ்வாய் இரவு மழை பிடித்து, பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை, வாசல் சுவரில் மாட்டியிருக்கும் திருட்டு அலாரம் ஊரைக் கூட்ட ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டுப் பட்டாளத்துக்காரர் டார்ச்சும் தடியுமாக வந்து நிற்கிறார். நான் ரகசிய எண்ணை அழுத்தினால் பொத்தான் பெட்டி செத்துக் கிடக்கிறது. கடைசியில் அக்கா குடை பிடிக்க, பட்டாளத்துக்காரர் ஏணியைப் பிடிக்க, உன் நண்பன் இந்த வயதில் மழையில் ஏறிச் சைரன் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த குட்டி பேட்டரியின் வயரைப் பிடுங்கினேன். சின்னமணி பார்த்திருந்தால் ஆயுளுக்கும் சொல்லிக் காட்டியிருப்பான். தயவுசெய்து அவனிடம் சொல்லாதே.

திருடன் யாரும் வரவில்லை. நடந்தது இதுதான். பரணில் இருக்கும் அலாரம் பெட்டிக்குள் 12 வோல்ட், 7 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்று உண்டு, ஈய பேட்டரி. கரண்ட் போனால் அதுதான் தாங்க வேண்டும். பெட்டி சும்மா இருக்கும்போது இழுப்பது 200 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும், நல்ல பேட்டரி ஒரு நாள் தாராளமாக ஓட்டும். என்னுடையது பத்து நிமிடத்துக்குள் கையை விரித்துவிட்டது. பேட்டரி போய்விட்டது என்று அந்தப் பெட்டி நிமிடத்துக்கு ஒரு தடவை போட்ட சத்தத்தைத்தான் நாங்கள் பல்லி என்று நினைத்திருக்கிறோம். பெட்டியிலிருந்து வரும் மின்சாரம் நின்றதும், யாரோ வயரை வெட்டிவிட்டான் என்று நினைத்து வெளிச் சைரன் தன் சொந்த பேட்டரியில் அலறியிருக்கிறது. அதன் மேல் குற்றம் இல்லை, அதற்குச் சொல்லிக்கொடுத்தது அப்படி. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நீ கேட்பாய். அந்தப் பரண் பிளக்கை மட்டும் இன்வெர்ட்டர் லைனில் சேர்க்காமல் விட்டிருக்கிறான் வயரிங் செய்த மகானுபாவன்.

மறுநாள் பெட்டியைத் திறந்தேன். பேட்டரி வெளியே வர மாட்டேன் என்கிறது. வயிறு உப்பி, இரண்டு பக்கமும் தகரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. தோசைக் கரண்டியால் நெம்பித்தான் எடுத்தேன். மேலே ஒட்டியிருந்த தேதி 2019. இந்த ரகம் நன்றாக வைத்துக்கொண்டாலே மூன்றிலிருந்து ஐந்து வருடம். வைத்திருந்த இடமோ மேற்கு வெயில் குடிக்கிற மொட்டைமாடித் தளத்துக்கு நேர் கீழே. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் இருந்தவர்கள் கையிருப்பில் வைத்திருக்கும் கணக்கு. சித்திரையில் அந்தப் பரணில் அப்பளம் காய வைக்கலாம்.

எனக்கு ஆத்திரம் இதற்கெல்லாம் இல்லை. வருடா வருடம் பராமரிப்புக்கு என்று பணம் வாங்கிக்கொண்டு ஒரு பையன் வருவான். தூசி தட்டுவான். மீட்டரை வைத்து, “13.6 வோல்ட் சார், பிரமாதம்” என்பான். கையெழுத்து வாங்கிக்கொண்டு போவான். நானும் போட்டேன், ஆறு வருடம்! அது பேட்டரியின் வோல்டேஜே இல்லை, ராஜு. சார்ஜர் வயரைக் கழற்றாமல் வைத்தால் மீட்டர் சார்ஜரைத்தான் காட்டும். இரவல் நகை போட்டவளைப் பார்த்து வசதியான குடும்பம் என்று சொல்வதுபோல.

வயரைக் கழற்றி வைத்துப் பார்த்தேன். அப்போதும் 12.5 காட்டியது. ஒரு நொடி நானே ஏமாந்தேன். பிறகு பழைய ஸ்கூட்டரின் முகப்பு பல்பை, 35 வாட், அதன் தலையில் மாட்டினேன். அளந்தது, நாம் பாலிடெக்னிக்கில் பாதிப் பாதிப் பணம் போட்டு வாங்கிய அந்த முள் மீட்டர்தான். பல்ப் ஒரு தடவை சிவந்தது. முள் 8-க்குக் கீழே மடங்கி விழுந்தது. நல்ல பேட்டரியாக இருந்தால் 12-ஐ ஒட்டி நின்றிருக்கும்.

வசந்தா தங்கச்சி அக்காவுக்குப் போன் செய்தாள். ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்று அந்தக் காகிதத்தை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, டாக்டர் எழுதிக்கொடுத்த, நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்கும் ட்ரெட்மில் பரிசோதனையை இரண்டு மாதமாகத் தட்டிக்கழிக்கிறாயாம். மாடி ஏறினால் நடுப்படியில் நின்று செருப்பைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்கிறாயாம். படுத்துக்கொண்டு எடுத்த ஈ.சி.ஜி. அது. எனக்கு அந்த முள் விழுந்தது கண்ணிலேயே நிற்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம், போதுமா? கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள், பரிசோதனையை முடித்துவிட்டு.

புது பேட்டரி வாங்கியாயிற்று. ஆயிரம் ரூபாய் கொடுத்ததில் கொஞ்சம் மீதி வந்தது. கடைக்காரர் முதலில் ஒன்றரை வருடம் அலமாரியில் தூங்கியதை நீட்டினார். சார்ஜ் ஏற்றாமல் கிடந்தாலும் இது கெடும் என்று சொல்லி, தேதி பார்த்துப் புதியதாக வாங்கினேன். பழையதை அவரே எடுத்துக்கொண்டார். பிளக்கை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றிவிட்டேன். பெட்டியையும் பரணிலிருந்து இறக்க வேண்டும், முட்டி அனுமதித்தால்.

இப்போது உன் வீடு. மகன் வைத்துக்கொடுத்த அலாரம் கஜா புயலுக்கு முந்தியது அல்லவா? 2018 நவம்பரில் புயல் போன பிறகு மூன்று வாரம் கரண்ட் இல்லாமல் இருந்தாயே, அப்போது உன் பேட்டரியும் அடிவரை வற்றி அப்படியே கிடந்திருக்கும். ஈய பேட்டரிக்கு அதைவிடக் கெடுதல் கிடையாது. அதை இதுவரை மாற்றவில்லை என்று நான் பந்தயம் கட்டுகிறேன். நீயாகத் திறந்து ஸ்பேனரை உள்ளே விடாதே. ஆய்வகத்தில் ஒரு தடவை பழுக்க வைத்தது போதும். 23-ஆம் தேதி ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். மீட்டரும் பல்பும் கொண்டு வருகிறேன். ட்ரெட்மில் ரிப்போர்ட்டை நீ எடுத்து வை.

உன்,
சேது

பி.கு.: புது பேட்டரி போட்டதும் பல்லி நின்றுவிட்டது. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. திருடன் வருவதற்கு முன்னால் தெரிந்ததே, அதுதான் நல்ல சேதி என்கிறாள். பஞ்சாங்கத்தையும் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டாள்.