ஏழு சாரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை போனில் ஏழு தடவை சாரி சொன்னாய். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். அப்பத்தா காரியத்துக்கு வர முடியாமல் போனதற்கு முதல் சாரி. லைன் கட்டானதற்கு ஒன்று. உன் வீட்டுக் குக்கர் விசில் அடித்ததற்குக்கூட ஒன்று! எனக்கு அந்தச் சொல் மேலேயே சந்தேகம் வந்து, தலையணை கனத்தில் இருக்குமே, அந்த அகராதியை அலமாரியிலிருந்து இறக்கினேன்.

துயரத்தைக் குறிக்கும் 'சாரோ'விலிருந்துதான் சாரி வந்தது என்று முப்பது வருஷம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தப்பு. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'ஸார்' என்றால் வலி, புண். தொண்டை வலித்தால் 'சோர் த்ரோட்' என்கிறோமே, அந்தச் சோர்தான். அதிலிருந்து பிறந்ததுதான் சாரி. வலியில் இருப்பவர் என்று பொருள். பக்கத்து வீட்டிலேயே கிடந்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த வீட்டு ஜாடை வந்துவிடுகிற மாதிரி, போகப்போக இதற்குச் சாரோவின் சாயல் ஏறிவிட்டது. ஜெர்மன்காரர்கள் 'மிகவும்' என்பதற்குச் சொல்லும் 'ஸேர்' கூட இதே வலிதானாம். நாம் 'பயங்கர ருசி' என்பதில்லையா, அப்படி.

ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகம் ஞாபகம் இருக்கிறதா? அரசனைக் கொன்றுவிட்டு வந்தவன், ரத்தம் படிந்த தன் கைகளைப் பார்த்து 'சாரி சைட்' என்பான். அவன் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. பார்க்கச் சகிக்காத காட்சி என்கிறான், அவ்வளவுதான். வெறுமனே 'சாரி' என்று ஒற்றைச் சொல்லில் மன்னிப்புக் கேட்பதெல்லாம் 19ஆம் நூற்றாண்டில் வந்த பழக்கம்.

உங்கள் கனடாக்காரர்கள் அதை எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள். டொராண்டோவில் சப்வேயில் என் பை ஒருவர் முழங்காலில் இடித்ததே, இடித்தது நான், சாரி சொன்னது அவர். அதற்கு உங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் 2009இல் ஒரு சட்டமே போட்டிருக்கிறார்கள். விபத்து நடந்த இடத்தில் ஒருவர் சாரி சொல்லிவிட்டார் என்பதற்காக, நஷ்டஈட்டு வழக்கில் அதையே அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் காட்ட முடியாது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் அதற்கு முன்பே, 2006இல். சட்டம் போட்டுக் காப்பாற்ற வேண்டிய அளவுக்கு அந்தச் சொல் அங்கே புழங்குகிறது பார்.

அப்பத்தா போன அன்று உன் வீட்டுக்காரம்மா 'ஐ ஆம் சாரி' என்றார்கள் என்று சொன்னாய். "அவங்க என்ன தப்பு செஞ்சாங்க?" என்று கேட்டேன். ஆங்கில வாத்தியார் கேட்கிற கேள்வியா அது? அன்று எனக்குத் தலை வேலை செய்யவில்லை. எனக்கும் வலிக்கிறது என்று அந்த அம்மா பழைய பொருளில்தான் சொல்லியிருக்கிறார்கள்.

உன் முதல் சாரியையும் அந்தக் கணக்கில்தான் எழுதிக்கொண்டேன். மற்ற ஆறையும் நீயே வைத்துக்கொள்.

அப்புறம், அப்பத்தாவின் அரக்குச் சுங்குடியை அம்மா உனக்கென்று துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். அதையும் அங்கே ஸாரி என்றுதானே சொல்வார்கள்? அடுத்த மாதம் இங்கிருந்து யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறோம்.

அன்புடன்,
அப்பா