நம்ம வாசிப்பு வட்டத்தோட 2024-25 ஆண்டறிக்கை: வளர்ச்சி யார் வீட்டு வாசல் வரைக்கும் வந்துச்சு?

எல்லாருக்கும் வணக்கம்.

போன வருஷ பொதுக்கூட்டம் 2024 ஜூன் கடைசில நடந்திருக்கணும், நடக்கல, ஏன்னு உங்களுக்கே தெரியும். ஜூன் 25 வரிய ஏத்துற ஃபைனான்ஸ் பில்ல எதிர்த்து, நாம இருக்குற கென்யா தலைநகர் நைரோபி முழுக்க ரோட்டுல பசங்க, பார்லிமெண்டுக்குள்ளயே போயிட்டாங்க, துப்பாக்கிச் சூடு, நம்ம பிள்ளைங்க வயசுல இருக்குறவங்க செத்தாங்க, மறுநாள் ஜனாதிபதி ரூட்டோ டிவில வந்து அந்த ஃபைனான்ஸ் பில்லுல கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னார். அதனால ஜூலைல தான் கூடினோம். அன்னிக்கு பொருளாளர் அக்கா கேட்ட ஒரு கேள்வி தான் இந்த வருஷம் பூரா நம்மள இழுத்துட்டுப் போச்சு. "2023-ல கென்யா பொருளாதாரம் 5 சதவீதத்துக்கு மேல வளந்துச்சுன்னு பேப்பர்ல போட்டான், அப்ப பிரெட்டுக்கு 16 சதவீதம் வரி போடுறேன்னு சொன்னதும் இவ்வளவு பேருக்கு வயிறு எரியுதே, அந்த 5 சதவீதம் எங்கப்பா போச்சு?"

யாருக்கும் டக்குனு பதில் சொல்ல முடியல. சரி, இதையே வருஷம் முழுக்க படிப்போம்னு முடிவு பண்ணோம். நாம பிழைக்க வந்த ஊரு இது, இருபது வருஷம் இங்க சம்பாதிச்சவங்க நம்மள்ல இருக்காங்க, இந்த ஊரு எப்படி ஓடுதுன்னு தெரியாம இருக்குறது தப்புன்னு எனக்குப் பட்டுச்சு, இப்பவும் படுது.

கணக்கு முதல்ல சொல்லிடுறேன். 12 கூட்டம் போடணும்னு நெனச்சோம், 10 நடந்துச்சு. ஒண்ணு மழைல போச்சு, இன்னொண்ணு வாடகைக்கு எடுத்த ஹால்ல நம்ம நேரத்தையே வேற ஒரு கல்யாணத்துக்கும் குடுத்துட்டாங்க, அட்வான்ஸ் திரும்பி வர ரெண்டு மாசம் ஆச்சு. உறுப்பினர் 31-லருந்து 38. புதுசா வந்த ஏழு பேர்ல நாலு பேர் பெண்கள், அதுல ரொம்ப சந்தோஷம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். வருஷத்துலயே சூடா போனது செப்டம்பர் கூட்டம் தான். 1965-ல கென்யா அரசாங்கம் போட்ட செஷனல் பேப்பர் நம்பர் 10-ங்கிற கொள்கை அறிக்கைய எடுத்துப் படிச்சோம். சுதந்திரம் வாங்கி ரெண்டே வருஷம், அப்ப பொருளாதாரத் திட்ட அமைச்சரா இருந்த டாம் ம்போயா முன்ன நின்னு கொண்டுவந்தது, ஆப்பிரிக்க சோஷலிசம்னு பேரு. அதுல ஒரு இடத்துல சொல்றாங்க, வளர்ச்சிக்கான காசை எங்க போட்டா உற்பத்தி அதிகமா கூடுமோ அங்க போடணும், அதாவது நல்ல மண்ணு, மழை, ரோடு, கரண்ட், வளர்ச்சிய ஏத்துக்கிட்டு வேலை செய்யிற மக்கள் இருக்குற இடத்துல. அங்க வர்ற லாபத்தை அப்புறம் மத்த இடத்துக்குப் பிரிச்சுக் குடுக்கலாம்னு திட்டம். படிச்சதும் ஹால்ல கொஞ்ச நேரம் யாரும் பேசல.

ஏன்னா ரோடும் கரண்டும் எங்க இருந்துச்சு? வெள்ளைக்காரன் ரயில் போட்ட பக்கத்துல, அவன் பண்ணை வச்சிருந்த மேட்டு நிலத்துல. வடக்க துர்கானா, மார்சபிட், வஜிர், மன்டேரா பக்கமெல்லாம் காலனி காலத்துல பர்மிட் இல்லாம உள்ள போகவே முடியாத பகுதி, அங்க ஒண்ணும் கட்டல. ஒண்ணும் கட்டாததால காசு போட தகுதி இல்ல, காசு போடாததால மறுபடியும் ஒண்ணும் இல்ல. இப்படியே ஐம்பது வருஷம். 2015-16-ல அரசாங்கம் எடுத்த குடும்பச் செலவு சர்வேல நாடு முழுக்க வறுமை 36.1 சதவீதம், நைரோபில 16.7, துர்கானால 79.4. ஒரே நாடு, ஒரே கொடி, ஒரே ஷில்லிங், பத்துல எட்டு பேர் ஒரு பக்கம் வயித்துக்கு இல்லாம இருக்காங்க. இத வறட்சி மேல பழி போட்டுத் தள்ளிட முடியாது, கையெழுத்துப் போட்டு எடுத்த முடிவும் இதுல இருக்கு.

நம்ம மூத்தவர் ஒருத்தர் ம்போயாவுக்காக வாதாடினார், அதையும் எழுதுறேன். கஜானா காலி, பிரிட்டிஷ்காரன் வச்சிட்டுப் போன கடன் வேற, முதல்ல எங்க விளையுமோ அங்க விதைக்காம வேற என்னப்பா பண்ண முடியும்னு கேட்டார். நியாயமான கேள்வி தான். ஆனா "அப்புறம் பிரிச்சுக் குடுக்கலாம்"னு சொன்ன அந்த "அப்புறம்" வரவே இல்லையே அண்ணே, அது தான் என் பதில், அன்னிக்கும் இன்னிக்கும்.

அந்த "அப்புறத்த" வர வைக்கிறதுக்காக 2010 புது அரசியலமைப்புல ஒரு முயற்சி செஞ்சாங்க. 47 கவுண்டி, அதாவது மாவட்டம் மாதிரி, ஆனா தனி அரசாங்கத்தோட, 2013-லருந்து தேர்தல் நடந்து ஆளுநர்கள் வந்தாங்க, தேசிய வருமானத்துல குறைஞ்சது 15 சதவீதம் கவுண்டிக்குப் போகணும்னு சட்டம், அது போக பின்தங்கின பகுதிக்கு 20 வருஷத்துக்கு 0.5 சதவீதம் தனி நிதி. இந்தத் தனி நிதி காகிதத்துல ஒதுக்கினது ஒண்ணு, ஊருக்குப் போய்ச் சேந்தது அதுல கொஞ்சம் தான். ஆனா கவுண்டி வந்த பிறகு வடக்க இருக்குற ஆஸ்பத்திரி, ரோடு எல்லாம் மாறினது உண்மை. இசியோலோல இருந்து எத்தியோப்பியா எல்லை மொயாலே வரைக்கும் 500 கிலோமீட்டர் கிட்ட, முன்ன லாரி மேல ஆட்டோட மாட்டோட உக்காந்து ரெண்டு மூணு நாள் போவாங்களாம், இப்ப தார் ரோட்டுல ஒரே நாள். மாடு விக்கிறவன் சந்தைக்குப் போற நேரம் கொறைஞ்சா அவன் விலை பேசுற தெம்பே வேற.

நவம்பர் கூட்டத்துல நம்ம உறுப்பினர் ஒருத்தர், துர்கானா ஏரி காத்தாலை லைன் வேலை பாத்தவர், பேசினார். மார்சபிட் கவுண்டில 365 காத்தாலை, 310 மெகாவாட், கம்பி மட்டும் 400 கிலோமீட்டருக்கு மேல தெக்க நைரோபி பக்கம் இருக்குற சுஸ்வா வரைக்கும் வருது. ராத்திரி கூடாரத்துல படுத்தா தலைக்கு மேல கம்பி ஊம்ம்னு சத்தம் போடுமாம், கீழ குடிசைல ஒரு பொம்பளப் புள்ள டார்ச் லைட்ட வாயில கடிச்சுக்கிட்டு நோட்டுல எழுதிட்டு இருந்துச்சாம். இத சொல்லும்போது அவரால மேல பேச முடியல. 2021-ல மேரு கோர்ட்டு அந்த நிலத்த குடுத்த முறையே சரியில்லன்னு தீர்ப்பு சொன்னதையும் அவர் தான் எடுத்துச் சொன்னார். நாட்டுக்கு சுத்தமான கரண்ட் வேணும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா காத்து வீசுற ஊருக்காரன் வீட்ல முதல் பல்பு எரியணும்.

போன்லயே காசு அனுப்புற எம்-பெசா பத்தி ரெண்டு கூட்டம் போட்டோம். 2007 மார்ச்ல சஃபாரிகாம்ங்கிற போன் கம்பெனி ஆரம்பிச்சது. பெசாங்கிறது நம்ம பைசா தான், இந்தியப் பெருங்கடல் தாண்டி வந்த சொல்லு. அதுக்கு முன்ன நைரோபில வேலை பாக்குறவன் ஊருக்கு காசு அனுப்பணும்னா பஸ் டிரைவர் கைல கவர் குடுத்து விடுவான். தவ்னீத் சூரியும் வில்லியம் ஜாக்கும் 2016-ல எழுதின ஆராய்ச்சில, எம்-பெசாவால 1,94,000 குடும்பம் வறுமைய தாண்டுச்சு, 1,85,000 பெண்கள் வயல்வேலைய விட்டு வியாபாரத்துக்கு வந்தாங்கன்னு கணக்கு போட்டிருக்காங்க. நம்ம ஹால் வாசல்ல காய்கறி விக்கிற மாமா ம்போகாவ எல்லாருக்கும் தெரியும், "மாமா"ன்னா சுவாஹிலில அம்மா. சுகுமா விக்கி கீரைய உள்ளங்கைல சுருட்டிப் பிடிச்சு நூல் மாதிரி அரிவாங்க, கத்தி விரல்ல படுமோன்னு நமக்குத் தான் பயம், அவங்க கண்ணு போன்ல இருக்கும், மெசேஜ் டிங்குனு வந்தா தான் கீரைய பைல போடுவாங்க. அந்த டிங் சத்தத்துல தான் வீட்டு வாடகை, புள்ள ஃபீஸ், சாமா சீட்டு எல்லாம். சாமான்னா நம்ம ஊரு சீட்டு தான், பதினஞ்சு பொம்பளைங்க சேந்து வாரத்துக்கு ஒருத்தருக்கு மொத்தமா குடுக்குறது. ஜூன்ல கலவரம் நடந்தப்ப மூணு நாள் கடை இல்ல, அந்த வார சீட்டுப் பணத்த கட்ட போன்லயே கடன் வாங்குனாங்க, அத அடைக்க மூணு மாசம். போன்ல கடன் குடுக்குற ஆப் எல்லாத்துக்கும் சென்ட்ரல் பேங்க் ரூல் போட்டதே 2022-ல தான். கைல காசு வர்ற வழி திறந்தா, கைலருந்து போற வழியும் சேந்தே திறக்குது. வேலை பாக்குறவங்கள்ல 80 சதவீதத்துக்கு மேல இவங்கள மாதிரி ஜுவா காலி ஆளுங்க, அதாவது சுடு வெயில்ல நின்னு பிழைக்கிறவங்க, மாச சம்பளம் பென்ஷன் எதுவும் இல்லாதவங்க. நாட்டுக் கடன் 10 லட்சம் கோடி ஷில்லிங்க தாண்டிருச்சு, வட்டி கட்டவே வரி, அந்த வரி இவங்க வாங்குற பிரெட்டுல விழப் பாத்துச்சு. பொருளாளர் அக்கா கேட்ட கேள்விக்கு பாதி பதில் இங்க இருக்கு.

சியாயா கவுண்டில காசை நேரடியா குடுத்துப் பாத்த விஷயம் ஜனவரில பேசினோம். கிவ்டைரக்ட்லிங்கிற தொண்டு நிறுவனம் 653 கிராமத்த வச்சு செஞ்சது, 10,500 ஏழைக் குடும்பத்துக்கு வீட்டுக்கு 1,000 டாலர் கிட்ட, ஒரு கேள்வியும் கேக்காம. விலைவாசி ஏறிடும், குடிச்சு அழிச்சிடுவாங்கன்னு நம்ம ஆளுங்களே சொன்னாங்க. விலை ஏறினது 0.1 சதவீதம் தான். குடுத்த ஒவ்வொரு டாலருக்கும் அந்த ஏரியால ரெண்டரை டாலர் அளவுக்கு வியாபாரம் சுத்தியிருக்கு, காசு வாங்காத பக்கத்து வீட்டுக்காரனும் நல்லா இருந்திருக்கான். 1965-ல "லாபம் எங்க வரும்"னு கேட்டவங்களுக்கு இது ஒரு பதில், ஏழை வீட்ல போட்ட காசும் விளையுது. ஆனா இதோட ஆஸ்பத்திரியும் டீச்சரும் வேணும், காசு குடுத்துட்டு அரசாங்கம் ஒதுங்கிக்கக் கூடாதுன்னு நம்ம டாக்டர் தம்பி சொன்னத நானும் அப்படியே ஏத்துக்கிறேன்.

மார்ச்ல முராங்கா பக்கம் தேயிலை ஊருக்கு டூர் போனோம், 22 பேர். இந்த வருஷத்துல நான் மறக்க மாட்டாத நாள். 1950-கள் வரைக்கும் கென்யாக்காரன் தேயிலை போடவே அனுமதி இல்ல, பெரிய எஸ்டேட்டுக்கு மட்டும் தான். 1954-ல காலனி அரசாங்கம் போட்ட ஸ்வின்னர்டன் விவசாயத் திட்டத்துக்கு அப்புறம் தான் கதவு திறந்துச்சு, 1964-ல சின்ன விவசாயிங்களுக்காக கே.டி.டி.ஏ.ங்கிற தேயிலை அமைப்பு வந்துச்சு, இன்னிக்கு அதுல 6 லட்சத்துக்கு மேல சின்ன விவசாயிங்க. ஆளுக்கு பெரும்பாலும் ஒரு ஏக்கர் கூட தேறாது. மாசா மாசம் கிலோ கணக்குல ஒரு தொகை, வருஷக் கடைசில ஃபேக்டரி லாபத்துல போனஸ்.

காலைல ஏழு மணி, பனி. ஒரு அம்மா முதுகுல கூடை, இடுப்புல பிளாஸ்டிக் ஷீட் கட்டியிருந்தாங்க, செடி ஈரம் நனைக்காம இருக்க. ரெண்டு இலையும் ஒரு மொட்டும், ரெண்டு கையும் தனித்தனியா ஓடுது. வாங்குற இடத்துல மூட்டைய தராசுல தொங்க விட்டாங்க, எடை பாத்தவர் சீட்டு குடுத்தார், அந்த அம்மா சீட்டுல இருக்குற நம்பர விரல் வச்சுப் படிச்சாங்க. நம்ம உறுப்பினர் அக்கா ஒருத்தர், அவங்க பாட்டி இலங்கைல ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துல ஆயுசு பூரா கொழுந்து எடுத்தவங்க, சொந்தமா ஒரு அடி நிலம் இல்லாம லயத்துலயே செத்தவங்க. அந்த அக்கா நெருங்கிப் போய் கேட்டாங்க, "காணி யார் பேர்ல இருக்கு?"

கணவர் பேர்ல. பறிக்கிறது இவங்க, போனஸ் போறது அவர் கணக்குக்கு. அப்புறம் அந்த அம்மா கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன பாத்திய காமிச்சாங்க, 200 செடி, அது மட்டும் இவங்க பேர்ல தனி நம்பர்ல பதிஞ்சிருக்கு, போன வருஷம் அந்த போனஸ்ல பொண்ணுக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் எடுத்தாங்களாம். நம்ம அக்கா அந்த 200 செடிய சுத்தி நடந்தாங்க, ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்தாங்க. "எங்க பாட்டிக்கு இது கூட இல்லையே"ன்னு மட்டும் சொன்னாங்க. திரும்பி வரும்போது வண்டில யாரும் பாட்டுப் போடல.

எஸ்டேட் பக்கம் கெரிச்சோல 2023-ல பறிக்கிற மெஷினுக்குத் தீ வச்சதையும் பேசினோம், நிலம் இல்லாம கூலிய மட்டும் நம்பி இருக்குறவனுக்கு மெஷின் வந்தா அடுத்த நாள் சோறு இல்ல. 200 செடி சொந்தமா இருக்குறவங்களுக்கு குறைஞ்சபட்சம் ஒரு நம்பர் இருக்கு, கூட்டத்துல கைதூக்க ஒரு உரிமை இருக்கு. எனக்கு இந்த வருஷம் கிடைச்ச பதில் இது தான் அக்கா, அந்த 5 சதவீதம் யார் பேர்ல பதிவாகுதோ அவங்க வீட்டுக்குப் போகுது.

வரவு செலவ பொருளாளர் தனியா வாசிப்பாங்க. டூருக்கு வண்டி குடுத்து உதவின உறுப்பினருக்கும், சுவாஹிலி பேப்பர் எல்லாம் மொழிபெயர்த்துக் குடுத்த தங்கச்சிக்கும் நன்றி. கமிட்டில பேசி மூணு முடிவு எடுத்திருக்கோம், இன்னிக்கு உங்க ஒப்புதல் வேணும். கூட்டத்துக்கு வேண்டிய காய்கறி எல்லாம் இனி வாசல்ல இருக்குற மாமா ம்போகா கிட்ட தான், ஒரு மாசக் காசு முன்கூட்டியே. நம்ம வீடுகள்ல வேலை செய்யிறவங்களுக்கு அரசாங்கம் சொன்ன குறைஞ்சபட்ச சம்பளத்துக்குக் கீழ யாரும் குடுக்கக் கூடாது, ஆஸ்பத்திரி இன்சூரன்ஸும் பதிஞ்சு கட்டணும். இது தீர்மானமாவே வரணும்னு நான் கேட்டுக்கிறேன், வறுமைய பத்தி பத்து கூட்டம் பேசிட்டு வீட்டுக்குள்ள குறைச்சுக் குடுத்தா நம்மால அந்த ஹால்ல உக்கார முடியாது. மூணாவது, அடுத்த வருஷம் போட்ஸ்வானா. 1966-ல சுதந்திரம் வாங்கும்போது நாடு முழுக்க 12 கிலோமீட்டர் தார் ரோடு, மறுவருஷம் ஒராபால வைரம் கிடைச்சுது, அந்தக் காசுல ரோடு, பள்ளிக்கூடம் எல்லாம் கட்டினாங்க, அப்படியும் ஏன் உலகத்துலயே ஏற்றத்தாழ்வு ரொம்ப அதிகமா இருக்குற நாடுகள்ல ஒண்ணா இருக்குதுன்னு படிக்கணும்.

முதல் கூட்டம் ஜூலை ரெண்டாவது ஞாயிறு, சாயங்காலம் 4 மணி. புளியோதரை நான் கொண்டு வரேன்.

செயலாளர்