படகு ஓடாத ஆறும் நீர்வழி ஆகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி ஏரியைத் தமிழக அரசு 2021-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் அதே ஏரி, காக்கிநாடா–புதுச்சேரி கால்வாய்த் தொடரின் ஒரு பகுதியாக, 2008-ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் நான்காம் தேசிய நீர்வழியில் சேர்க்கப்பட்டிருப்பது எங்கள் ஊரில் இன்றும் பலருக்குத் தெரியாது. சித்திரை, வைகாசி மாதங்களில் அதன் மேல்பகுதி வற்றி, வெடித்த களிமண்ணில் மாடுகள் மேய்வதைச் சிறுவயது முதல் பார்த்து வருகிறேன். இயந்திரப் படகுகள் செல்வதற்கான வழி என்று சட்டம் சொல்லும் இடம் அதுதான்.

தவறு இந்த ஒரு ஏரியோடு நிற்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிகள் சட்டத்தால் நாட்டின் நீர்வழிகளின் எண்ணிக்கை 111 ஆனது. காவிரி–கொள்ளிடம், பவானி, தாமிரபரணி, வைகை, பெண்ணையாறு ஆகியவற்றுடன் பாலாறும் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்றிருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் பாலாற்றை எந்த ஆதாரத்தைக் கொண்டு சேர்த்தார்கள் என்று கேட்டால், சட்டப்படி ஆதாரமே தேவையில்லை என்பதுதான் பதில். ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் அதிகாரங்களைப் பிரித்துத் தரும் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், உள்நாட்டு நீர்வழிகள் மாநிலப் பட்டியலின் 13-ஆம் இனத்தில் உள்ளன. ஆனால் நாடாளுமன்றம் ஒன்றைத் தேசிய நீர்வழி என்று அறிவித்துவிட்டால், அதில் இயந்திரப் படகுப் போக்குவரத்து தொடர்பான அதிகாரம் ஒன்றியப் பட்டியலின் 24-ஆம் இனத்தின் கீழ் போய்விடுகிறது. அங்கே படகு ஓடியதா, ஓடக்கூடுமா என்ற கேள்வி எந்த இடத்திலும் எழுவதில்லை. பல ஆறுகளில் சாத்தியக்கூறு ஆய்வு நடந்ததே அறிவிப்புக்குப் பிறகுதான்.

இந்தக் கேள்வியை ஒரு நீதிமன்றம் எவ்வளவு பொறுமையாக விசாரிக்க முடியும் என்பதற்கு அமெரிக்க வழக்குகள் நல்ல சான்று. கடலின் ஏற்றவற்றம் எட்டும் இடம் வரைதான் படகுப் போக்குவரத்துக்கு உரிய ஆறு என்ற பழைய ஆங்கிலேய விதியை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விலக்கிவிட்டது. மிச்சிகனின் கிராண்ட் ஆற்றில் ஓடிய 'டேனியல் பால்' என்ற நீராவிக் கப்பல் தொடர்பான வழக்கில், ஓர் ஆறு தன் இயல்பான நிலையில், அந்தக் காலத்து வழக்கமான படகுகளைக் கொண்டு, வணிகப் பாதையாகப் பயன்பட்டதா அல்லது பயன்படக்கூடியதா என்பதே அளவுகோல் என்று அது வகுத்தது. 'இயல்பான நிலையில்' என்ற சொல் முக்கியமானது. நான்கு நாள் வெள்ளத்தைக் காட்டி யாரும் ஓர் ஆற்றை நீர்வழி ஆக்கிவிட முடியாது.

அந்த அளவுகோல் எவ்வளவு நுணுக்கமானது என்பது மொன்டானா வழக்கில் தெரிந்தது. மிசூரி உள்ளிட்ட ஆறுகளின் படுகை தனக்குச் சொந்தம் என்று கூறி, அங்கே அணைகளை வைத்திருந்த மின் நிறுவனத்திடம் அந்த மாநிலம் சுமார் 4 கோடி டாலர் வாடகை கோரியது. 1889-இல் மொன்டானா மாநிலமானபோது அந்த ஆறுகளில் படகு சென்றிருக்கக்கூடுமா என்பதைப் பொறுத்தே அந்த உரிமை அமையும். 1805-இல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயச் சென்ற லூயிஸ், கிளார்க் பயணக்குழு மிசூரி ஆற்றின் பேரருவிகளை எதிர்கொண்டபோது, படகுகளையும் மூட்டைகளையும் சுமார் 18 மைல் தரைவழியே தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது; குறைந்தது 11 நாள் பிடித்தது. அந்தப் பயணச் செய்தியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012-இல் கருத்தில் கொண்டு, ஆறு முழுவதையும் ஒன்றாகப் பார்க்காமல் பகுதி பகுதியாக ஆராய வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மாறாக, யூட்டாவின் பெரும் உப்பு ஏரி நீர்வழியே என்று 1971-இல் அதே நீதிமன்றம் முடிவு செய்ய, ஆடுமாடுகளைக் கரைக்கும் தீவுகளுக்கும் இடையே ஏற்றிச் சென்ற சில படகுகளின் சாட்சியமே போதுமானதாக இருந்தது. சாட்சி சிறியதாக இருக்கலாம். ஆனால் சாட்சி என்று ஒன்று இருந்தாக வேண்டும்.

நம் நாட்டில் ஆற்றுப்படுகை பெரும்பாலும் அரசுப் புறம்போக்கு என்பதால் யாருடைய நிலம் என்ற வழக்கு இங்கே எழாது என்று சக வழக்கறிஞர்கள் சொல்வதுண்டு. ஆனால் அறிவிப்பின் விளைவு நிலத்தோடு முடிவதில்லை. தேசிய நீர்வழியின் குறுக்கே பாலம் கட்ட, படகு செல்வதற்கான உயரமும் அகலமும் விடப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து உள்நாட்டு நீர்வழிகள் ஆணையம் தடையின்மைச் சான்று தர வேண்டும். ஆழப்படுத்தும் பணியும் அந்த ஆணையத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. கழுவேலியில் தூர்வாரிப் படகுப் பாதை அமைப்பதென்றால், ஆழமற்ற சேற்றுநீரில் நின்று இரைதேடும் பறவைகளுக்கு அங்கே என்ன மிஞ்சும்?

நான் நீர்வழிகளுக்கு எதிரானவன் அல்லன். என் பாட்டனார் பக்கிங்காம் கால்வாயில் மரக்காணத்து உப்பையும் சவுக்கு விறகையும் சென்னைக்கு ஏற்றிச் சென்றவர். காற்று இல்லாத நாளில் கரையில் நடந்தே கயிறு கட்டிப் படகை இழுத்ததால் அவருடைய வலது தோளில் காய்த்திருந்த தழும்பை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அந்தக் கால்வாய் நீர்வழியாக இருந்தது என்பதற்கு வேறு சாட்சி எனக்கு வேண்டியதில்லை. அது மீண்டும் சீர்செய்யப்பட வேண்டும் என்றே விரும்புகிறேன். அதற்கு இருந்த சாட்சி பாலாற்றுக்கும் கழுவேலிக்கும் இல்லை.

எனவே, 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, கோடைக்கால நீர்மட்டத்தை அளந்து, பகுதி பகுதியாக ஆராய்ந்து, கரையோர ஊராட்சிகளின் கருத்தைக் கேட்ட பிறகே எந்த ஆறும் அட்டவணையில் இருக்கலாம் என்ற விதியைச் சேர்க்கத் தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள் கோர வேண்டும். அதுவரை காத்திராமல், கழுவேலியை நான்காம் தேசிய நீர்வழியிலிருந்து நீக்குமாறு மாநில அரசு ஒன்றிய அரசுக்கு எழுத வேண்டும். சரணாலய அறிவிக்கையின் நகலை அந்தக் கடிதத்துடன் இணைத்தாலே போதும்.

இங்ஙனம்,
வழக்கறிஞர் ஒருவர்,
திண்டிவனம்.