பழைய கேலக்டிகாவை விட்டுக்கொடுக்காத மாமாவுக்கு

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு சாட்ஸ்வர்த் வீட்டில் 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடர் பற்றிப் பேச்சு வந்தபோது, 1978-இல் வந்ததுதான் அசல், 2003-இல் தொடங்கியது அதன் பெயரைத் திருடிக்கொண்ட வேறொன்று என்று ஒரே போடாகப் போட்டுவிட்டீர்கள். சாப்பாட்டு நேரத்தில் வாதம் வேண்டாம் என்று அத்தை கண்ணைக் காட்டியதால், சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

கிளென் லார்சன் உருவாக்கிய பழைய தொடரின் கருவில் ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டு உலகங்களில் வாழ்ந்த மனித இனத்தைச் சைலன்கள் என்ற இயந்திரப் படையினர் அழித்துவிட, எஞ்சியவர்கள் கிடைத்த கப்பல்களில் ஏறி, ஒரே ஒரு போர்க்கப்பலின் காவலில் பூமியைத் தேடிப் புறப்படுகிறார்கள். ஆனால் முதல் கதை முடிவதற்குள்ளேயே கரிலான் என்ற கோளின் சூதாட்ட விடுதியில் அவர்கள் குடித்துக் கூத்தாடுகிறார்கள். கருமாதி முடியாத வீட்டில் கச்சேரி வைத்ததைப் போன்ற அந்தக் காட்சியை நீங்கள் எப்படிப் பொறுத்துக்கொண்டீர்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

புதிய தொடரை உருவாக்கிய ரொனால்ட் மூர் கைவைத்தது சரியாக அந்த இடத்தில்தான். அறிவியல் புனைவுக்கான ஹ்யூகோ விருது பெற்ற '33' என்ற அத்தியாயத்தில், 33 நிமிடங்களுக்கு ஒருமுறை எதிரி வந்துகொண்டே இருப்பதால், ஐந்து நாட்களுக்கு மேலாக யாருக்கும் தூக்கமில்லை. தங்களவர்கள் இருக்கக்கூடிய கப்பலையே சுட்டு வீழ்த்த நேர்கிறது. குடியரசுத் தலைவர் ராஸ்லின், உயிரோடிருப்போரின் எண்ணிக்கையை ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார். கப்பலில் ஒரு குழந்தை பிறந்த செய்தி வந்ததும், பழைய எண்ணை அழித்துவிட்டு ஒன்றைக் கூட்டி எழுதுகிறார். 1860-இல் சென்னையிலிருந்து டர்பனுக்கு 342 பேருடன் வந்த ட்ரூரோ கப்பலிலும், அதன்பின் வந்த கப்பல்களிலும் ஏறியவர்களின் பெயர்களை, ஒப்பந்தக் கூலிகளுக்கு இட்ட எண்ணோடு சேர்த்துத் தேடிக்கொண்டிருக்கும் நம் குடும்பத்துக்கு அந்தப் பலகையின் அருமையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு மாற்றமும் முக்கியமானது. பழைய சைலன்கள் வேறோர் இனம் படைத்த இயந்திரங்கள். ஆகவே மனிதர்கள்மேல் பழி எதுவும் இல்லை. புதியதில் மனிதர்களே அவற்றைப் படைத்து வேலை வாங்கி, பின்பு அவற்றிடமே அடிபடுகிறார்கள். பிழைத்திருக்க நமக்குத் தகுதி உண்டா என்று போர்க்கப்பலின் தளபதி அடாமா கேட்பது அதனால்தான் உறைக்கிறது.

பழைய தொடரில் ஆணாக இருந்த போர் விமானி ஸ்டார்பக், புதியதில் பெண்ணாகிவிட்டாள் என்பதுதானே உங்கள் பெரிய கோபம்? கேட்டீ சாக்ஹாஃப் நடித்த ஸ்டார்பக், சூதாட்டமும் சுருட்டும் அப்படியே இருக்க, துயரமும் தெரிந்தவள். பழைய தொடரில் உங்கள் அப்பல்லோவாக நடித்த ரிச்சர்ட் ஹாட்ச்சே முதலில் மறுஆக்கத்தை எதிர்த்து, பிறகு அதில் டாம் ஸாரெக் என்ற வேறொரு பாத்திரமாக வந்து நடித்தார். அவருக்கே ஆறிய கோபம் உங்களுக்கு ஏன் ஆறக்கூடாது? (தொடக்க இசையில் காயத்ரி மந்திரம் ஒலிப்பதைக் கேட்டால் அத்தையும் உட்கார்ந்துவிடுவார்.)

கடைசிப் பருவத்துக்கு மட்டும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அதுவரை முடிச்சுகளைப் பொறுமையாகப் போட்டவர்கள், 2009-இல் முடிக்கும்போது பலவற்றைக் கடவுள் செயல் என்று தள்ளிவிட்டார்கள். ஆகவே தீபாவளிக்கு வரும்போது முதல் இரண்டு பருவங்களின் டிவிடிகளை மட்டும் கொண்டு வருகிறேன். 2003-இல் வந்த குறுந்தொடரிலிருந்தே தொடங்குங்கள்; அதைத் தாண்டிவிட்டு '33'-க்குப் போகாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்